இடது கைத் தையல்

எங்கள் பட்டறையில் தைக்கிறவர்களுக்குத்தான் மரியாதை. பிரிக்கிறவளை யார் சட்டை செய்வார்கள்? நான் பிரிக்கிறவள். பழைய பை, பழைய பெட்டி, சோபா உறை என்று எது வந்தாலும் முதலில் என் மடியில்தான் விழும். தையலை அறுத்து, நூலைப் பிடுங்கி, அழுக்கைத் துடைத்து, எண்ணெய் போட்டு நான் தோலைத் தோலாக எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் கெட்டிக்காரர்கள் ஆக முடியும். இதை நான் அடிக்கடி சொல்லிக் காட்டுவேன். வெட்டுவதும் தைப்பதுமாக எதிரே உட்கார்ந்திருக்கும் பர்கத்துல்லா பாய் காது கேட்காதவர் மாதிரி இருப்பார்.

பட்டறை யாங்கோன் பசுந்தாங்கில், ஓடைப் பக்கத்துத் தெருவில், மூன்றாம் மாடியில் இருக்கிறது. நடத்துகிறவள் பெர்சிஸ். மிஷன் பள்ளிக்கூடத்துக் குடும்பம். அப்பா துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். பாங்காக்கில் போய்ப் பை டிசைன் செய்யப் படித்துவிட்டு, ஊரே இங்கிருந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இவள் திரும்பி வந்தாள். வந்தவள் புதுத் தோல் வாங்க மாட்டேன் என்றாள். தோல் பதனிட்ட தண்ணீர் ஆற்றில் என்ன நிறத்தில் விழுகிறது என்று போனில் படம் காட்டினாள். ஊரில் இருக்கிற பழைய தோலே போதும், அதிலிருந்து புதுப் பை செய்யலாம் என்றாள்.

"ஒரு மாடு ஒரு தடவ செத்தா போதும்க்கா" என்பாள்.

முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் வந்தது. ஆனால் அவள் உத்தரவு போடுகிற ரகம் இல்லை. படம் வரைந்து எடுத்து வந்து எங்கள் நடுவில் தரையில் உட்கார்ந்துவிடுவாள். "இந்த இடத்துல தோல் வளையாது சயாமா" என்று, டீச்சரைக் கூப்பிடுகிற பர்மிய மரியாதையோடு பாய் சொன்னால் ஏன் வளையாது என்று ஒரு மணி நேரம் சண்டை போடுவாள். சில நாள் பாய் ஜெயிப்பார், சில நாள் தோல் வளைந்துவிடும். மின்சாரம் இருந்தால் மெஷினில் தானே உட்கார்ந்து தைப்பாள். இல்லாவிட்டால் கைத் தையல். யாங்கோனில் மின்சாரத்தை நம்பிப் பிழைக்கிறவர்கள் யார் இருக்கிறார்கள்? எங்கள் வேலை நிற்காமல் நடந்தது.

பட்டறையில் ஒரே ஒரு சட்டம்தான். பழைய தையல் ஓடிய ஓரத்தை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி எறிந்துவிட வேண்டும். குத்தூசி துளைத்த இடம் பலவீனமாகிவிடும், மறுபடி தைத்தால் கிழியும். எதையும் தூக்கிப் போட மனம் வராத பெர்சிஸ், குப்பைக்கு அனுப்புகிற ஒரே பொருள் அந்த ஓரங்கள்தான்.

தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம் அந்தப் பை வந்தது. கொண்டுவந்தவர் டோ கின் மியா என்று கியாக்தானிலிருந்து ஒரு பர்மிய அம்மாள். பழைய லுங்கித் துணியில் சுற்றிப் பஸ்ஸில் மடியில் வைத்தே எடுத்து வந்திருந்தார். எருமைத் தோலில் செய்த பெரிய பை, வாயில் பித்தளைப் பூட்டு. அவருடைய கணவர் ஊசி போடுகிற கம்பவுண்டராக இருந்தவராம். இந்தப் பையில் மருந்தைத் தூக்கிக்கொண்டு படகில் கிராமம் கிராமமாகப் போனவராம். இப்போது மகள் ஜப்பானுக்கு, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறாள். மழை பிடிப்பதற்கு முன்னால் விமானம். அப்பாவின் பையை அவள் முதுகில் மாட்டிக்கொள்கிற மாதிரி மாற்றித் தர வேண்டும்.

பெர்சிஸ் பையை என்னிடம் கொடுத்தாள். பிரிக்கலாம் என்று கத்தியை எடுத்துக்கொண்டு கைப்பிடி பக்கம் திருப்பினேன். என் கை அப்படியே நின்றுவிட்டது.

தையல் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

தோல் தையல் எல்லாமே கொஞ்சம் சாய்ந்துதான் விழும். வலது கைக்காரர்கள் தைத்தால் ஒரு பக்கம் சாயும். இது மறுபக்கம் சாய்ந்திருந்தது, ஒன்றைப் போல் ஒன்று, ஒரு பிசிறு இல்லாமல். இந்த ஊரில் அப்படித் தைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அவரோடுதான் முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தினேன்.

என் வீட்டுக்காரர் கருப்பையா பீச்சாங்கைக்காரர். சாப்பிடுவது மட்டும் வலது கை. அதுவும் அவருடைய அம்மா சின்ன வயதில் அடித்துப் பழக்கியது. குத்தூசியும் ஊசியும் இடது கையில்தான். அவர் வேலை பார்த்த தோல் கடையில் எல்லோரும் கேலி செய்வார்கள். அவர் பதில் சொல்ல மாட்டார். பொதுவாகவே அவருக்கு வாய் கிடையாது. தையல் என்று வந்தால் மட்டும் ஈவு இரக்கம் இல்லாத மனுஷர். பக்கத்தில் இருக்கிறவன் ஒரு குத்து கோணலாகப் போட்டாலும் அதை வாங்கிப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் தன் வேலையைப் பார்ப்பார். முதலாளி தைத்ததையே ஒரு தடவை பிரித்திருக்கிறார்.

அப்போது நாங்கள் மிங்கலா தாங்ஞுன்ட்டில் ரயில் பாதையை ஒட்டி ஒரு அறையில் இருந்தோம். ரயில் போனால் தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் ஆடும். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தோலை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு தைப்பார். ரயில் சத்தம் கேட்டதும் ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். கடைசிப் பெட்டி போகிற வரைக்கும் அப்படியே இருந்துவிட்டு அப்புறம் அடுத்த குத்தைப் போடுவார். நான் அடுப்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். 

ஞாயிற்றுக்கிழமை ஆனால் வட்ட ரயிலில் ஏறிவிடுவோம். எங்கேயும் இறங்குவதற்கு இல்லை. ஊரைச் சுற்றிக்கொண்டு ஏறின இடத்துக்கே வந்து சேர்வதுதான் எங்களுக்கு உல்லாசப் பயணம். ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் முகத்தை நான் பார்ப்பேன். அவர் அவர்கள் தோளையும் காலையும் பார்ப்பார். திடீரென்று என் முழங்கையை இடித்து, "அதோ போவுது பாரு, நம்மது" என்பார். யாரோ ஒரு சீன மாமி கையில் ஒரு பை இருக்கும். எனக்குப் பெருமை தாங்காது. அந்த மாமியிடம் போய்ச் சொல்லுங்களேன் என்பேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு ஊரே அலைந்த அந்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். முகத்தைக்கூட எனக்குச் சரியாகக் காட்டாமல் எடுத்துப் போனார்கள். அழுது முடித்து வீட்டைப் பெருக்கியபோதுதான் ஒன்று உறைத்தது. அவர் தைத்தது எதுவுமே வீட்டில் இல்லை. எல்லாம் ஊரார் தோளிலும் காலிலும் போய்விட்டது. தோல் வேலைக்காரர் பெண்டாட்டி நான் எப்போதும் ரப்பர் செருப்புத்தான். கல்யாணமான புதிதில் ஒரு சுருக்குப்பை செய்து தந்தார். அதையும் நெரிசலில் பஸ்ஸில் எவனோ அறுத்துக்கொண்டு போனான். அவர் விரல் பட்ட ஒரு குத்து, ஒரே ஒரு குத்து, என்னிடம் இல்லை.

இப்போது ஒரு பை நிறைய வந்திருக்கிறது. அதை நானே அறுத்து, ஓரத்தை வெட்டிக் குப்பையில் போட வேண்டும்.

நான் அந்தப் பையை மற்ற சாமான்களுக்கு அடியில் செருகிவிட்டேன். பெர்சிஸ் கேட்டபோது தோல் காய்ந்திருக்கிறது, எண்ணெயில் ஊற வேண்டும் என்றேன். அடுத்த முறை கேட்டபோது பூட்டு துரு ஏறியிருக்கிறது என்றேன். பித்தளை எங்கே துருப்பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். வேறு பையை எடுத்துக்கொண்டு போனாள். யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பையை இழுத்து வைத்துக்கொண்டு தையல் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருப்பேன். இந்த வயதில் பைத்தியம் பிடித்தால் இப்படித்தான் இருக்கும்.

ஒரு நாள் பெர்சிஸ் என் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, அந்தப் புள்ளைக்கு பிளைட்டு தேதி வந்துருச்சு. என்ன விஷயம், சொல்லுங்க."

"என்னால பிரிக்க முடியாது. வேற யாரையாச்சும் வச்சுப் பிரிச்சுக்க."

"ஏன்க்கா?"

"முடியாதுன்னா முடியாது. காரணம் எல்லாம் எழுதிக் குடுக்கணுமா உனக்கு?"

அவள் முகம் சுண்டிப்போயிற்று. அப்போதுதான் பாய் தலையைத் தூக்காமலே பேசினார்.

"அது கருப்பையா தச்சது, சயாமா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும் பாய்?"

"நான் என்ன குருடனா தங்கச்சி? இருவது வருஷம் அவன் பக்கத்துல உக்காந்து தச்சேன். அந்தம்மா துணிய அவுத்த அன்னைக்கே தெரிஞ்சுச்சு. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

பெர்சிஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஓரமாகப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "டோ கின் மியா கிட்ட பேசிப் பாக்குறேன்க்கா. வேற தோல்ல புதுசா செஞ்சு குடுத்துட்டு இத நீங்க வச்சுக்கலாம். அவங்க நல்ல மனுஷி. கேட்டா குடுப்பாங்க."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.  கேட்டால் தந்துவிடுவார், கேள், கேள் என்றுதான் உள்ளே அடித்துக்கொண்டது.

மகளின் தோள் அளவு எடுக்க இரண்டு பேரும் அந்த வாரமே வந்தார்கள். மகள் ஒல்லியாக, கன்னத்தில் தனாக்காப் பட்டை அரைத்துப் பூசிக்கொண்டு, எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டு நின்றாள். ஊரை விட்டுப் போகிற பயம் அந்தச் சிரிப்பில் தெரிந்தது. பெர்சிஸ் அளவு எடுத்துக்கொண்டே பேச்சை ஆரம்பிக்க வழி பார்த்தாள். அதற்குள் டோ கின் மியா என் பக்கத்திலிருந்த பையைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இன்னும் பிரிக்கவில்லையே என்று கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் பையின் வயிற்றைத் தட்டினார், குழந்தையைத் தட்டுகிற மாதிரி.

"படகில் போனால் இதைத்தான் தலைக்கு வைத்துப் படுப்பார்" என்றார் பர்மிய பாஷையில். "வீட்டுக்கு வந்தாலும் தலையணை வேண்டாம், இதுதான் வேண்டும். தலைமுடி எண்ணெயெல்லாம் இந்தப் பக்கம்தான் ஏறியிருக்கும், பார். அவர் போன பிறகு நான் கொஞ்ச நாள் இதில் தலை வைத்துப் படுத்தேன். பிறகு மகளுக்குப் பயமாகிவிட்டது, பெட்டியில் வைத்துவிட்டேன்."

பையின் ஒரு பக்கம் மட்டும் கறுத்து வழவழவென்று இருந்ததை நானும் பார்த்திருந்தேன். அழுக்கு என்று நினைத்திருந்தேன்.

தைத்தவர் என் ஆள். தூக்கிக்கொண்டு திரிந்தவர் அந்த அம்மாளின் ஆள். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரு பையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இதை எப்படி நான் கேட்பது? பெர்சிஸ் வாயைத் திறந்தபோது நான் கண்ணைக் காட்டி அடக்கிவிட்டேன். "சொன்ன நாளைக்குப் பை தயாராகிவிடும்" என்று பர்மிய பாஷையில் அந்த அம்மாளிடம் சொன்னேன். சொல்லும்போது நெஞ்சு வலித்தது. வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலையிலேயே பிரிக்க உட்கார்ந்தேன். கத்தியை வைத்து அறுக்க மனம் இல்லாமல், ஒவ்வொரு குத்தையும் ஊசி முனையால் நெம்பி, நூல் அறுபடாமல் இழுத்து எடுத்தேன். மெழுகு இன்னும் விரலில் ஒட்டியது. கைப்பிடி, வாய், இரண்டு பக்கம். பாய் இரண்டு தடவை எனக்கு டீ வாங்கி வந்தார். எப்போதும் நான்தான் அவருக்கு வாங்கி வருவேன். பெர்சிஸ் நான் எடுத்த நூலை எல்லாம் ஒரு கண்ணாடி டப்பாவில் சுருட்டி வைத்தாள். அது எனக்குத்தான் என்றாள்.

கடைசியாக அடிப்பாகம். பெரிய பைகளுக்கு அடியில் இரண்டு தோல் வைத்து, உள்ளே துணி ஒட்டி மறைத்துவிடுவார்கள். துணியைக் கிழித்தேன். உள்ளே இரண்டு வரிசைத் தையல் இருந்தது. இரண்டும் ஒட்டி ஒட்டி ஓடின.

பெர்சிஸ் எட்டிப் பார்த்தாள். டார்ச்சை எடுத்து வந்து குனிந்து பார்த்தாள். "அக்கா, இது ரெண்டு பேர் கை. இந்த வரிசை அண்ணன் தச்சது. பக்கத்துல இருக்கிறது வேற யாரோ. வலது கைக்காரங்க."

"அவர் வேலையில வேற யாரும் கை வைக்க முடியாது. கோணலா ஒரு குத்து போனாலும் பிரிச்சுப் போட்ருவாரு" என்றேன்.

"இல்லக்கா. பாருங்க. கோணல் கோணலாத்தான் இருக்கு. அப்படியே விட்டிருக்காரு."

பார்த்தேன். ஒரு குத்து நீளம், ஒரு குத்து குட்டை. ஒரு இடத்தில் வரிசையே விலகிப் போய்த் திரும்பி வந்திருந்தது. முடிச்சு ஓரத்தில் இல்லை, நட்ட நடுவில் இருந்தது. தோல் வேலையில் யாரும் நடுவிலிருந்து தொடங்க மாட்டார்கள். ரவிக்கைக்கு ஓரம் அடித்தே பழகிய ஒரு கழுதைதான் அப்படித் தொடங்கும்.

அந்தக் கழுதை நான்.

கல்யாணமாகி அப்போது முதல் மழைக்காலம். அவசர வேலை என்று கடையிலிருந்து ஒரு அடித்தோலை வீட்டுக்கு எடுத்து வந்து துளை போட்டு வைத்துவிட்டு அவர் குளிக்கப் போனார். குழாயடியில் கூட்டம். அவர் திரும்புவதற்குள் தைத்து வைத்து அசத்திவிடலாம் என்று நான் ஊசியை எடுத்தேன். தோலில் ஊசி ஏறவே இல்லை. அவர் போட்ட துளையில் பாதியைத் தவறவிட்டு நானே குத்தினேன். விரலெல்லாம் ரத்தம். அவர் வந்தார், பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்து கேட்டேன், நான் தைத்தது என்ன ஆச்சு என்று. "பிரிச்சுட்டேன்" என்றார். அவ்வளவுதான். சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் தைக்க ஊசியைத் தொடவும் இல்லை. பசை தடவினேன், ஓரம் தேய்த்தேன், நூலுக்கு மெழுகு போட்டேன். அவர் இருந்த வரைக்கும் அதுதான் என் வேலை. பெர்சிஸ் வந்து தைக்கத் தெரியுமா என்று கேட்டபோதுகூட, பிரிக்கத்தான் தெரியும் என்றேன்.

இதோ இருக்கிறது, பிரிக்காமல். பக்கத்திலேயே தன் வரிசையை ஓட்டியிருக்கிறார்.

"கஸ்டமர் வாசல்ல நின்னுருப்பான். பிரிக்க நேரம் இல்லாம விட்ருப்பாரு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பாய் எழுந்து வந்து தோலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நேரமா? இத்தனை துளை சேதப்பட்ட தோலத் தூக்கிப் போட்டுட்டு வேற வெட்டித் தைக்கிறது சுளுவான வேலை. இது கிழியாம இருக்கணும்னு பக்கத்துல புதுசா துளை போட்டு, உள்ள ஒரு பட்டையும் குடுத்து ஓட்டிருக்கான். இதுக்குப் போயி ரெண்டு மடங்கு நேரம் ஆயிருக்கும், தங்கச்சி."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. என்ன மனுஷர் இவர். ஊரான் தோளில் என் தையலை ஏற்றி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து பிரித்துவிட்டேன் என்று சொல்லி, ரசம் ஊற்று என்று கேட்டிருக்கிறார். அத்தனை ஞாயிற்றுக்கிழமை ரயிலில் சுற்றினோமே, அதோ போவுது நம்மது என்று இடித்தாரே, அப்போது ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? எத்தனை வருஷம் பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

"ஒரு வார்த்த சொல்லிருந்தா என்னவாம்" என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. சத்தம் போட்டே அழுதேன். பெர்சிஸ் என் முதுகில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் தன் படத்தை எடுத்து, அடிப்பாகத்தை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். "இந்த அடித்தோலை நீங்க எடுத்துக்கங்கக்கா. நான் வேற தோல் வச்சுக்கிறேன். அந்தம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

நான் தோலை இரண்டு கையாலும் பிடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு இழுத்துப் பார்த்தேன். மருந்துப் புட்டியும் கம்பவுண்டர் தலையும் இத்தனை வருஷம் அழுத்தியும் அது துளிகூட விட்டுக்கொடுக்கவில்லை.

"வேணாம். இது அங்கேயே இருக்கட்டும். ஓரத்த வெட்டாத, அப்படியே வச்சு மத்தத ஏத்து. அந்தப் புள்ள நெறைய தூக்கிட்டுப் போவா."

பெர்சிஸ் சரி என்று படத்தைத் திருத்தினாள். பட்டறைச் சட்டம் அன்றைக்கு உடைந்தது. பாய் பக்கத் தோல்களை வெட்டி அடுக்கி, துளை போட்டு, தைப்பதற்குத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் அதை அவர் கையிலிருந்து பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். நூலுக்கு மெழுகு போட்டேன். 

"தங்கச்சி, தோல் தையல் தச்சு எவ்வளவு காலமாச்சு? கோணிக்கப் போவுது."

"கோணட்டும்" என்றேன். "யாரும் பிரிக்கக் கூடாது."